மான்களுக்குப் பின்னம் படிப்பித்த மாஸ்டர்

திருகோணமலைக் கோட்டை வாசலில் படுத்து அசைபோடும் புள்ளிமான்களுக்குப் பின்னக் கணக்கும் ஒளித்தொகுப்பும் வினையெச்சமும் ஓரளவுக்காவது தெரிந்திருந்தால், அதற்குக் காரணம் ஒரே ஒரு ஆள்தான். உலகத்தில் வேறெந்த ஊரிலும் மான்களை இவ்வளவு தூரம் படிப்பித்திருக்க மாட்டார்கள். அந்த ஆளின் சொந்தப் பெயர் கல்லூரிப் பதிவில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். எங்களுக்கு அவன் மான் மாஸ்டர்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மற்ற ஊர்களில் தெருநாய் எப்படியோ, எங்கள் ஊரில் மான் அப்படி. பஸ் நிலையத்தில் நிற்கும், மைதானத்தில் படுக்கும், மரக்கறிக் கடைக்கு முன்னால் வாடிக்கையாளர் மாதிரிக் காத்திருக்கும். பாண் துண்டு, வாழைப்பழத் தோல், காட்போட் பெட்டி, நேற்றைய பத்திரிகை, எது கிடைத்தாலும் தின்னும். புதிதாக வருபவர்கள் முதல்நாள் படம் எடுப்பார்கள். அடுத்த நாள் "சூ" என்று கலைப்பார்கள். கிண்ணியாவிலிருந்து வந்த எங்கள் ஆள் மட்டும் இரண்டையும் செய்யவில்லை. கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, "பிள்ளைகள், காலை வணக்கம்" என்றான்.

நாங்கள் இருவரும் ஆசிரியப் பயிலுனர்கள். கல்வியியல் கல்லூரியில் இரண்டு வருடம் படித்த பிறகு, மூன்றாம் வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் நின்று படிப்பித்துக் காட்டவேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் ஆரம்பப் பிரிவு எங்கள் இருவருக்கும் கிடைத்தது. ஓர்ஸ் ஹில் பகுதியில் ஒரு அன்ரியின் வீட்டில் அறை எடுத்தோம். இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை, உள்துறைமுகத்தின் தண்ணீர் உள்ளங்கை அளவுக்குத் தெரிகிற ஒரு ஜன்னல். கதிரையில் நான் இருப்பேன். அவன் இருப்பதில்லை. "படிப்பிக்கிற சேர்மார் நிண்டு பழகோணும்" என்று சொல்லி நின்றுகொண்டே பாடக் குறிப்பு எழுதுவான், நின்றுகொண்டே சாப்பிடுவான். நித்திரை மட்டும் படுத்துக் கொள்வான். அதிலும் கை அடிக்கடி உயர்ந்து கற்பனைக் கரும்பலகையில் எதையோ அடிக்கோடிடும்.

பின்னேரம் ஆனால் கோட்டைப் பக்கம் போய்விடுவான். அடுத்த நாள் வகுப்பில் படிப்பிக்கப் போகும் பாடத்தை முதல்நாள் மான்களுக்குப் படிப்பித்துப் பார்ப்பது அவன் வழக்கம்.

"ஏன்டா மானுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மச்சான், பிள்ளையளுக்கு முன்னால பழகினா என்ன தெரியும்? பாடம் அறுவையா இருந்தாலும் அதுகள் இருக்கும். எழும்பிப் போக ஏலாது. சுவர் இருக்கு, கதவு இருக்கு, வெளியில பள்ளிக்கூட அதிபர் இருக்கிறார். மானுக்கு ஆர் இருக்கு? பிடிக்கயில்லையா, எழும்பிப் போயிரும். பொய் சொல்லத் தெரியாத சீவன்."

"அதுக்கு விளங்குதோ?"

"உன்ட வகுப்பில இருக்கிறதுகளுக்கு விளங்குதோ?"



மான்களின் நடத்தைக்கு அவனிடம் முழு விளக்கம் இருந்தது. காதை நிமிர்த்தினால் பாடம் நன்று. அசைபோட்டுக்கொண்டே இருந்தால் சுமார். எழும்பிப் போனால் பாடக் குறிப்பைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதவேண்டும். பாடத்தின் நடுவில் புழுக்கை போட்டுவிட்டால் அதை அவன் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொள்வான். அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்காது.

மான் கிடைக்காத இடங்களில் மனிதர்களும் அவனுக்குப் போதும். கிண்ணியா பஸ்ஸில் பக்கத்தில் நின்ற ஒருவருக்கு ஒளித்தொகுப்பை விளங்கப்படுத்தத் தொடங்கினான். பாலம் வருவதற்குள் முழு பஸ்ஸும் கேட்டுக்கொண்டிருந்தது. முடிவில், "விளங்காத ஆக்கள் கை தூக்குங்க" என்றான். கொண்டக்டர் கை தூக்கினார்.

"தம்பி, எனக்கு அந்தப் பச்சையம் எண்ட சாமான்தான் பிடிபடயில்ல."

மீண்டும் முதலிலிருந்து விளக்கினான். அதைக் கேட்ட சுவாரசியத்தில் கொண்டக்டர் மணியடிக்க மறந்துபோக, இறங்கவேண்டியவர்கள் எல்லோரும் இரண்டு தரிப்பிடம் தாண்டி இறங்கி நடந்தார்கள். ஆனால் நடந்த எல்லோருக்கும் பச்சையம் விளங்கியிருந்தது.

அன்ரியும் தப்பவில்லை. "தம்பியவை, சோறு ஆறுது, வாங்கோ" என்று குசினியிலிருந்து கூப்பிட்டால், இவன் வாசலில் போய் நிற்பான்.

"அன்ரி, முதல்ல முன்னறிவைச் சோதிக்கோணும். நேற்று என்ன கறி?"

"நேற்றும் கத்தரிக்காய், இண்டைக்கும் கத்தரிக்காய். விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு அன்ரி."

"அப்ப வாயை மூடிக்கொண்டு சாப்பிடு."

"வாயை மூடினா எப்பிடி அன்ரி சாப்பிடுறது?"

அன்ரி அகப்பையை எடுப்பதற்குள் நான் அவனை இழுத்து வந்துவிடுவேன்.

படிப்பிப்பதை வந்து பார்த்துப் புள்ளி போடும் அவனுடைய இறுதி மேற்பார்வையை எங்கள் பள்ளிக்கூடம் மறக்காது. கல்லூரியிலிருந்து வந்த விரிவுரையாளர் மெடம் பின்வரிசையில் கதிரை போட்டு இருந்தார். சிரிக்காத மனிசி. அவர் கண்ணாடியைத் துடைத்தாலே நாங்கள் பாடக் குறிப்பைத் திரும்பப் புரட்டுவோம். மான் மாஸ்டர் வழக்கம்போல "விளங்காத ஆக்கள் கை தூக்குங்க" என்றான். மெடம், என்ன நினைத்தாரோ, கையைத் தூக்கினார். இவன் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"நல்லது பிள்ளை. வெக்கப்படாம கேட்டீங்க. எந்த இடம் விளங்கயில்ல?"

பிள்ளை என்று அழைக்கப்பட்ட மெடம் சந்தேகத்தைக் கேட்டார். இவன் தீர்த்துவைத்தான். தேறிவிட்டான்.

அடுத்தது என் முறை.

என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் சம்பூர்க்காரன். அப்பா கடலுக்குப் போகிறவர், கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் இல்லை. அம்மாவுக்கு அதுவும் இல்லை. போரில் ஊரைவிட்டு எழும்பிப் போய், தகரக் கொட்டில்களுக்குள் படித்து, திரும்பி வந்து, எப்படியோ கல்வியியல் கல்லூரி வரைக்கும் போய்ச் சேர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. கல்லூரிக்குத் தெரிவான அன்றே அம்மா என் பெயரை மாற்றிவிட்டா. "சேர் வந்திட்டார், சேருக்குச் சோறு போடு பிள்ளை" என்று அயலுக்கெல்லாம் கேட்கத் தங்கச்சியிடம் சொல்லுவா. "இன்னும் சேர் ஆகயில்லை அம்மா" என்று நான் சொன்னால், "ஆகத்தானே போறாய்" என்பா. இறுதி மேற்பார்வையில் தேறாவிட்டால் நியமனம் இல்லை. இன்னொரு வருடம் பயிலுனராக நிற்கவேண்டும். அதைவிட, அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவைத்த அந்த ஒரு சொல்லை வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்கவேண்டும்.

தேறாமல் போவதற்கான தகுதி என்னிடம் நிறையவே இருந்தது. வெண்கட்டியைக் கையில் எடுத்த உடனே என் உடம்பு தானாகத் திரும்பிவிடும். முகம் கரும்பலகைக்கு, முதுகு பிள்ளைகளுக்கு. மணி அடிக்கும்வரை பலகையோடுதான் கதை. சித்திரப் பாடத்தில் 'எங்கள் ஆசிரியர்' என்று வரையச் சொன்னபோது என் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் முதுகைத்தான் வரைந்திருந்தார்கள். முன்வரிசையில் இருக்கும் வாய்காரி ஒருத்தி, சேட்டில் வியர்வை பிடித்த இடத்தை இலங்கைப் படம் மாதிரி அழகாக வரைந்து, திருகோணமலைக்கு ஒரு புள்ளியும் வைத்திருந்தாள்.

முதல் மேற்பார்வைக்கு வந்த மெடம் போகும்போது சொன்னார்: "தம்பி, உங்கட பலகைக்குப் பாடம் நல்லா விளங்கியிருக்கும். அடுத்த முறை பிள்ளையளுக்கும் ஒருக்கா சொல்லிக் குடுங்கோ."

எனக்கு என்ன பயம் என்று எனக்கே பிறகுதான் விளங்கியது. திரும்பி நின்றால் ஏதாவது ஒரு பிள்ளை கேள்வி கேட்கும், எனக்குப் பதில் வராது, "சேருக்குத் தெரியாது" என்று ஒரு குரல் எழும்பும். அவ்வளவுதான். படித்த வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு சிரிப்பு. எனக்கு அது தீர்ப்பு.

மான் மாஸ்டர் வைத்தியம் சொன்னான். "உன்னை மானுக்கு முன்னால விடோணும்."

கோட்டை வாசலுக்குப் பக்கத்தில், கடலுக்கு முதுகு காட்டி என்னை நிறுத்தினான். "இனித் திரும்பினா கடல். கடல்ல எழுத ஏலாது. தொடங்கு."

"இன்றைய பாடத்தின் நோக்கங்களாவன..." என்று தொடங்கினேன். மான்கள் எழும்பின. போய்விட்டன. கடைசியாகப் போன கிழட்டு ஆண்மான் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. அது மெடத்தின் பார்வை மாதிரியே இருந்தது.

அடுத்த முறை கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்கு வந்த ஒரு அம்மா நின்று வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மெல்லக் கிட்ட வந்தார்.

"தம்பி, இது நேர்த்திக்கடனோ?"

"இல்லை அம்மா. பின்னம்."

"ஆருக்கு?"

"மானுக்கு."

அந்த அம்மா என்னை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தார். அர்ச்சனைத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். "எல்லாம் கோணேசர் சுகப்படுத்துவார் ராசா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாழைப்பழத்தைக் கண்டதும் ஒரு மான் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பழத்தை இரண்டாக முறித்து, "இது அரை" என்றேன். காதை நிமிர்த்தியது. அரையை மறுபடி முறித்து, "இது கால்" என்றேன். இன்னும் கிட்ட வந்தது. கால் போய்ச் சேர்ந்ததும் மிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

மான் மாஸ்டர் குதித்தான். "பார்த்தியா? கண்ணைப் பார்த்துக் கதைச்சாய்!"

"அது பழத்துக்காக நிண்டதடா."

"பிள்ளையளும் அப்பிடித்தான். ஏதோ ஒண்டுக்காகத்தான் நிக்குங்கள். முதல்ல நிக்கட்டுமே."

அதனால் என் இறுதிப் பாடத்துக்குப் பின்னமே முடிவானது. காட்போட்டில் பெரிய வட்ட ரொட்டி ஒன்று செய்தோம். எட்டுச் சம துண்டாகப் பிரித்து எடுக்கலாம், திரும்பப் பொருத்தலாம். மேலே ஒட்டுவதற்குத் தாள் இருந்தது, பசை இல்லை. அன்ரியின் குசினியில் கோதுமை மாவைக் காய்ச்சினோம். மான் மாஸ்டர் அதில் ஒரு கைப்பிடி உப்பையும் அள்ளிப் போட்டான்.

"உப்பு எதுக்கடா?"

"எறும்பு வராது மச்சான்."

அன்ரி எட்டிப் பார்த்தா. "காட்போட்டுக்கு உப்புப் பார்த்துப் போடுறியள். கறிக்கும் ஒருக்கா வந்து பார்த்தால் என்ன?"

எறும்பு வரவில்லை என்பது உண்மை.

மேற்பார்வைக்கு முதல்நாள் அதிபரும் தன் பங்குக்கு ஆயத்தம் செய்தார். கல்லூரியிலிருந்து ஆள் வருகிறது என்பதால் எங்கள் கட்டிடத்தின் வெளிச்சுவருக்கு மஞ்சள் டிஸ்டெம்பர் அடிப்பித்தார். தொட்டால் கையோடு வந்துவிடும். "சுவரில ஒருத்தரும் சாயக்கூடாது. சாய்ஞ்சால் உடுப்பைப் பார்த்துப் பிடிப்பன்" என்று காலைக் கூட்டத்தில் அறிவித்தார்.

அந்த நாளும் வந்தது. நான் கீழே போட்டுவிடுவேன் என்று சொல்லி ரொட்டியை மான் மாஸ்டரே தூக்கிக்கொண்டு வந்தான். மைதானத்தைக் கடக்கும்போது என் கழுத்துப்பட்டி அவிழ்ந்துவிட்டது. எனக்கு இன்றைக்கும் அதைச் சரியாகக் கட்டத் தெரியாது. அவன் ரொட்டியை மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு, என் கழுத்தைப் பிடித்து முடிச்சுப் போடத் தொடங்கினான்.

"ஆடாம நில்லு. நீ என்ன, கலியாண மாப்பிள்ளையோ?"

பின்னால் 'கறுக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

திரும்பிப் பார்த்தோம். கோதுமை மா, உப்பு, காட்போட். எங்கள் ஊர் மானுக்கு இதைவிடப் பெரிய விருந்தை யாரும் இதுவரை வைத்ததில்லை. இரண்டு மான்கள், இரண்டும் அவனுடைய நேரடி மாணவர்கள், ரொட்டியில் பாதிக்கு மேல் முடித்துவிட்டிருந்தன.

"டேய்! விடு! அது கற்பித்தல் சாதனம்!" என்று மான் மாஸ்டர் கத்தினான். ஒரு மான் வாயில் ஒரு துண்டோடு ஓடியது. இவன் அதன் பின்னால் ஓடினான். கழுத்துப்பட்டி தோளுக்கு மேலால் பறக்க, மைதான வளைவில் இரண்டு பேரும் மறைந்தார்கள். பள்ளிக்கூட மணி அடித்தது. மிச்சமிருந்த மூன்று துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு நான் தனியாக நடந்தேன். என் வாழ்க்கையே தொங்குகிற நாளில் என்னை விட்டுவிட்டு ஒரு மானின் பின்னால் ஓடிவிட்டானே என்று எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

மெடம் பின்வரிசையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று துண்டுகளையும் மேசையில் வைத்தேன். வெண்கட்டியை எடுத்தேன். உடம்பு வழக்கம்போலத் திரும்பத் தொடங்கியது. பாதி திரும்பிவிட்டேன்.

"சேர், இதென்ன, எலி கடிச்சதோ?" என்றாள் முன்வரிசை வாய்காரி.

"இல்லை. மான்" என்றேன், அவள் பக்கம் திரும்பி.

வகுப்பின் சிரிப்பில் கூரை பறந்தது.

"எந்த மான் சேர்?"

"கொம்பு இருந்ததோ?"

"உங்களைக் கடிச்சதோ சேர்?"

"எவ்வளவு திண்டது சேர்?"

கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். "நீங்களே சொல்லுங்கோ. முழு ரொட்டியை எட்டுச் சம துண்டாய் வெட்டினனான். மிச்சம் இதுதான்."

"எட்டில அஞ்சு!" என்று அரை வகுப்பு கத்தியது. மெடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ஒரு மானோ, ரெண்டு மானோ சேர்?" என்று பின்னால் இருந்த ஒருவன் கேட்டான்.

"ரெண்டு."

"அப்ப ஒரு மான் எவ்வளவு திண்டது?"

இது பாடக் குறிப்பில் இல்லை. ஐந்தை இரண்டாகப் பிரிக்கவேண்டும், அதுவும் எட்டில்.

"சேருக்குத் தெரியாது போல" என்றான் அவன்.

வந்தே விட்டது. இத்தனை மாதம் எந்தச் சொல்லுக்குப் பயந்து முதுகைக் காட்டி நின்றேனோ, அதே சொல். நான் காத்திருந்தேன். கூரை இடியவில்லை. அம்மா வந்து 'சேர்' என்ற சொல்லைப் பிடுங்கவில்லை. அவன் உண்மையாகவே பதில் தெரியவேண்டும் என்ற முகத்தோடு இருந்தான், அவ்வளவுதான்.

"ஓம், உடனே தெரியாது" என்றேன். "வாங்கோ, சேர்ந்து பார்ப்பம்."

கரும்பலகையை விட்டுவிட்டு நிலத்தில் குந்தினேன். ரொட்டியை வெண்கட்டியால் நிலத்திலேயே கீறினோம். பிள்ளைகள் சுற்றிக் குந்தினார்கள். மான் தின்ற ஐந்து துண்டையும் ஒவ்வொன்றாகப் பாதியாக்கினோம். வாய்காரி எண்ணினாள். "பத்துச் சின்னத் துண்டு. ஒரு மானுக்கு அஞ்சு!" "அப்பிடிச் சின்னத் துண்டு முழு ரொட்டியில எத்தினை?" என்றேன். விரல்கள் நிலத்தில் ஓடின. "பதினாறு! பதினாறில அஞ்சு சேர்!" கேட்டவன், தானே அந்த மான் என்பதுபோல நிம்மதியாக மூச்சுவிட்டான்.

மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை.

மெடம்தான் முதலில் எழும்பினார். "தம்பி, மானைப் பற்றி நீங்கள் பாடக் குறிப்பில எழுதயில்லையே?"

"இல்லை மெடம். அது எதிர்பாராமல்..."

"அடுத்த முறை எழுதுங்கோ."

"அடுத்த முறையோ மெடம்?"

"நியமனம் கிடைச்ச பிறகு. உங்கட சொந்த வகுப்பில" என்றார். சிரிக்காத மனிசி சிரித்தார்.

வெளியே வந்தபோது கால் நிலத்தில் படவில்லை. தண்ணீர்க் குழாயடியில் மான் மாஸ்டர் நின்றான். கையில் பாதி சப்பிய, ஈரமான காட்போட் துண்டு.

"ஓடிட்டாயே, துரோகி" என்றேன்.

"இதை மீட்கத்தான்டா ஓடினனான். ஆனா ஒண்டு மச்சான், உன்ட கணக்குப் பிழை. அதுகள் திண்டது அஞ்சு இல்ல, நாலரை."

"நான் அஞ்சு எண்டு சொன்னது உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் காட்போட்டை உற்றுப் பார்த்தான். "ஊகிச்சன்" என்றான். "வா, தேத்தண்ணி குடிப்பம்."

முன்னால் திரும்பி நடந்தான். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் அவனுடைய வெள்ளைச் சேட்டு முழுக்க மஞ்சள். என் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சுவரின் மஞ்சள். அந்த வெயிலில், அதிபருக்கும் தெரியாமல், ஒரு பாடவேளை முழுக்க அவன் அங்கே சாய்ந்து குந்தியிருந்திருக்கிறான்.

அன்று பின்னேரம் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "என்ன சேர்?" என்றா வழக்கம்போல. முதல்முறையாக "ஓம்" என்றேன்.

இப்போது நான் மூதூர்ப் பக்கம் படிப்பிக்கிறேன். மான் மாஸ்டருக்கு மலைநாட்டில் நியமனம். அங்கே மான் இல்லையாம், மாடுதானாம், மாட்டுக்குப் பொறுமை கூடவாம், அதனால் பாடம் நல்லதோ கெட்டதோ கண்டுபிடிக்க முடியாமல் கஷ்டப்படுகிறானாம். போன வாரம் என் வகுப்பில் 'எங்கள் ஆசிரியர்' என்று வரையச் சொன்னேன். எல்லோரும் என் முகத்தை வரைந்து தந்தார்கள். எனக்கு வரைய வராது. வந்திருந்தால், நான் ஒரு முதுகைத்தான் வரைந்திருப்பேன், மஞ்சள் பூசி.